தசமப் பெருக்கல்: புள்ளி எங்கே விழும்?

0.3 × 0.2 எவ்வளவு என்று கேட்டால், 0.6 என்று சட்டென்று சொல்லிவிடும் பிள்ளைகள் பலர். சரியான விடை 0.06. வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கும் இங்கே சறுக்கும். ஏனென்றால் சிக்கல் இடமதிப்பில் இருக்கிறது.

4.37-ஐ 4 ரூபாய் 37 பைசா என்று படியுங்கள். 4 ஒன்றுகள் இடத்தில் நிற்கிறது. 3 பத்தில் ஒன்றாம் இடத்தில், அதாவது மூன்று பத்துப் பைசா. 7 நூறில் ஒன்றாம் இடத்தில், அதாவது ஏழு ஒரு பைசா. (1957 ஏப்ரல் 1-க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 பைசா. அந்தக் கணக்கில் இந்த வசதி கிடையாது!)

இனி 0.3 × 0.2. கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்று வரையுங்கள். மேலிருந்து 3 நிரைகளுக்கு மஞ்சள் தீட்டுங்கள். இடப்பக்கத்திலிருந்து 2 நிரல்களுக்கு நீலம் தீட்டுங்கள். இரண்டும் கலந்து பச்சையாகத் தெரியும் கட்டங்கள் 6. மொத்தக் கட்டங்கள் 100. ஆகவே 6/100, அதாவது 0.06. பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் நூறில் ஒன்றுதான் வரும். இதைக் கண்ணால் பார்க்காமல் 'புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம், எண்ணு' என்று மட்டும் மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காது.

பெரிய கணக்கு: 3.2 × 1.45.

முதலில் உத்தேச விடை: 3 × 1.5 = 4.5. விடை இதன் அருகில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, புள்ளிகளை மறந்துவிட்டுப் பெருக்குங்கள்: 32 × 145 = 4640. கூட்டலில் செய்வதுபோல் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்கத் தேவையில்லை.

பிறகு புள்ளிக்குப் பின் உள்ள இடங்களைக் கூட்டுங்கள். 3.2-இல் ஒன்று, 1.45-இல் இரண்டு, ஆக மூன்று. வலப்பக்கத்திலிருந்து மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 4.640. கடைசிச் சுழியத்தை நீக்கினால் 4.64. உத்தேசத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் புள்ளி வைப்பதற்கு முன்பே சுழியத்தை நீக்கினால் 0.464 என்று தப்பாகிவிடும்.

1585-இல் சைமன் ஸ்டெவின் என்ற ஐரோப்பியக் கணித அறிஞர் தசமங்களைப் புள்ளியில்லாமல், ஒவ்வோர் இலக்கத்துக்கும் வட்டத்துக்குள் இட எண் போட்டு எழுதினார். பெருக்கும்போது அவரும் கடைசி இலக்கங்களின் இட எண்களைத்தான் கூட்டினார்.

செய்து பாருங்கள்: 0.25 × 0.4, 1.2 × 0.05; 6.5 × 2.04. விடைகள்: 0.1, 0.06, 13.26.