டிரம்பெட்டுக்கு ஏற்ற மவுத்பீஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மேல் ஸ்தாயி எட்டவில்லை என்றதும், உதட்டை வைத்து ஊதும் முனைப்பகுதியான மவுத்பீஸைப் புதிதாகத் தேடிக் கடைக்குப் போவது டிரம்பெட் பயில்வோர் பலரிடமும் உள்ள பழக்கம். மேல் ஸ்வரங்கள் முதன்மையாக மூச்சின் ஓட்டத்தாலும் உதட்டுத் தசையின் பயிற்சியாலும் வருபவை. மவுத்பீஸ் அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாமல் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் உதட்டுக்கும் பல்வரிசைக்கும் எது இசைகிறது என்பதையே முதலில் பாருங்கள்.

அதற்கு முன், மவுத்பீஸின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்டன் சிம்பொனியில் டிரம்பெட் வாசித்த வின்சென்ட் பாக் 1918-இல் தொடங்கிய நிறுவனத்தின் முறையில், எண் குறையக் குறையக் கிண்ணம் (உதடு பதியும் குழிவு) அகலமாகும். எழுத்து ஏ-யிலிருந்து எஃப்-ஐ நோக்கிச் செல்லச் செல்ல ஆழம் குறையும். யமஹாவிலோ இரண்டுமே தலைகீழ். பாக் 7சி-க்கு நெருக்கமானது யமஹா 11பி4 என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. தொடக்க நிலையில் இவற்றுள் ஒன்றே போதும். ஒலி ஓரளவு நிலைப்படும் வரை மாற்ற வேண்டியதில்லை.

பிறகு மாற்றுவதாக இருந்தால் விளிம்பிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் உதடு உணர்வது அதைத்தான். உள்விளிம்பு கூர்மையாக இருந்தால் ஸ்வரத்தின் தொடக்கம் தெளிவாக விழும், ஆனால் நெடுநேரம் வாசிக்கும்போது உதட்டை அறுக்கும். உருண்டையாக இருந்தால் இதமாக இருக்கும், தொடக்கம் சற்று மழுங்கும். அகன்ற விளிம்பு அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் நேரத்தைக் கூட்டும்; குறுகிய விளிம்பில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவுவது எளிது. பாக் பட்டியலில் 7சி-யின் உள்விட்டம் 16.20 மி.மீ., 3சி-யின் உள்விட்டம் 16.30 மி.மீ.; ஆயினும் இவ்விரண்டும் உதட்டில் வேறுவேறாகத் தெரிவதற்கு விளிம்பின் வடிவமே பெரிதும் காரணம்.

கிண்ணத்தின் ஆழம் நாதத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆழமான கிண்ணம் தரும் கனத்த நாதம் பொருந்தும்; ஜாஸ் பிக் பேண்டில் மேல் பகுதியை வாசிப்பவர் ஆழம் குறைந்ததை நாடுகிறார். தடித்த உதடு உடையவருக்கு அத்தகைய கிண்ணத்தின் அடியில் உதடு முட்டி ஒலி அப்படியே நின்றுவிடக்கூடும். பாக் மவுத்பீஸின் வழக்கமான தொண்டைத் துளை (கிண்ணத்தின் அடியில் காற்று செல்லும் குறுகிய வழி) 3.66 மி.மீ.; அதைத் துளைப்பானால் பெரிதாக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள், குடைந்த உலோகம் திரும்பி வராது.

கடைக்குச் சொந்த டிரம்பெட்டையும் பழைய மவுத்பீஸையும் எடுத்துச் செல்லுங்கள். சிறிது ஊதி உதட்டைப் பதப்படுத்திய பின், கீழ் ஸ்தாயியில் மெல்லிய நீண்ட ஸ்வரங்களை முதலில் ஊதுங்கள்; குறைகள் அங்கேதான் வெளிப்படும். அடுத்து சுருதி காட்டும் ட்யூனரை வைத்து ஒரே ஸ்வரத்தை இரு ஸ்தாயிகளிலும் ஒப்பிடுங்கள். உதடு களைத்த பிறகும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், முதல் ஐந்து நிமிடத்தில் எந்தப் புதுமையும் நன்றாகவே தோன்றும்.

பழையதை வாங்கினால், முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறதா, டிரம்பெட்டுக்குள் செருகும் தண்டின் நுனி நசுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். டிரம்பெட்டை ஒத்த கருவியான கார்னெட்டுக்கான தண்டு மெலிந்தது என்பதால் டிரம்பெட்டில் சரியாக உட்காராது; அளவு கேட்டே வாங்குங்கள்.