உப்புநீர்த் தொட்டியில் பி.எச். குறைகிறதா? முதலில் ஜன்னலைத் திறந்து பாருங்கள்

கடல்நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, சுமார் 8.1. கடல்மீன், பவளம் வளர்க்கும் வீட்டுத் தொட்டியில் 7.8 முதல் 8.4 வரை இருந்தால் கவலையில்லை. 7.7 என்று காட்டியதும் கடைக்கு ஓடி, பி.எச்.சை ஏற்றும் பஃபர் பாட்டில் வாங்காதீர்கள். நானும் வாங்கி ஊற்றியவன்தான். மாலையில் ஏறும், மறுநாள் விடிவதற்குள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

முதலில் எப்போது அளந்தீர்கள் என்று பாருங்கள். விளக்கு அணைந்தபின் ஒளிச்சேர்க்கை கிடையாது. பாசி, பவளம், மீன் எல்லாம் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயு பி.எச்.சைக் குறைக்கும். அதனால் விடியற்காலையில் பி.எச். குறைந்தும், விளக்கு அணையப்போகும் நேரத்தில் கூடியும் இருப்பது இயல்பு. இரண்டு நேரமும் மூன்று நாள் அளந்து எழுதி வையுங்கள். கூடவே ஆல்கலினிட்டியையும், அதாவது அமிலத்தைச் சமாளிக்கும் நீரின் திறனையும், பாருங்கள். அது 8 முதல் 11 டி.கே.எச். (அதன் அலகு) இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். குறைந்திருந்தால்தான் சமையல் சோடா உதவும். அது ஆல்கலினிட்டியை ஏற்றும், பி.எச்.சை அவ்வளவாக அசைக்காது.

அப்புறம் டம்ளர் சோதனை. தொட்டி நீரை ஒரு டம்ளரில் எடுத்து அளந்துவிட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஏர் பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மறுபடி அளந்தால் ஏறியிருக்கிறதா? அப்படியானால் கோளாறு உங்கள் அறைக் காற்றில். வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பி.பி.எம்.; ஏசி போட்டுச் சாத்திய படுக்கையறையில் 1000ஐத் தாண்டுவது சாதாரணம். அது நீரில் கரைந்து அமிலமாகிறது.

தீர்வு மலிவானது. பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடியாவிட்டால் ஸ்கிம்மரின் (குமிழி விட்டு நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, முனையில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்கும் நாளில் மறக்காமல் உள்ளே இழுத்துவிடுங்கள், இறால்கள் தாங்காது.

சம்ப் (பெரிய தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டி) இருந்தால் அதில் கீட்டோ என்ற கடல்பாசி வளர்த்து, அதன் விளக்கை இரவில் எரியவிடலாம்.

இவ்வளவுக்கும் ஏறாவிட்டால் சுண்ணாம்பு நீர். ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் 1.5 கிராம் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறதோ. கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஆவியான நீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பி.எச். 12க்கு மேல், கையுறை போடுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் மீன் செத்துவிடும். முதல் வாரம் ஈடுசெய்யும் நீரில் கால்பங்கு மட்டும் சுண்ணாம்பு நீராக இருக்கட்டும், காலையில் எழுந்ததும் அளந்து பாருங்கள்.