நீண்ட வலைக்கட்டமும் பிஎம்எல் அடுக்கும்: என் அனுபவம்

அகலத்தைவிடப் பல மடங்கு நீளமான இருபரிமாண வலைக்கட்டத்தில், ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையால் (அலைச் சமன்பாட்டின் வகைக்கெழுக்களை வலைப்புள்ளிகளுக்கிடையிலான வேறுபாடுகளால் தோராயமாக்கும் முறை) நில அதிர்வலைப் பரவலைக் கணித்தபோது, அலைமூலத்திற்கு அருகிலிருந்த உணரிகள் சுத்தமான பதிவைத் தந்தன; தொலைவிலிருந்தவற்றிலோ நேரடி அலையை ஒட்டியே ஒரு போலி அலை வந்தது. எல்லைகளில், வெளியேறும் அலையைத் திரும்பவிடாமல் உறிஞ்சும் அடுக்காக, பிரெஞ்சு ஆய்வாளர் பெரெஞ்சே 1994இல் முன்வைத்த பிஎம்எல் (perfectly matched layer) இருந்தது.

நேரப்படியைக் குறைத்தேன், போலி அலை அசையவில்லை. அடுக்கை 10 கட்டங்களிலிருந்து 20 ஆக்கியும் பெரிய பலனில்லை. பல நாள்கள் இப்படியே வீணாயின. பிறகு, எல்லைகள் மிகத் தள்ளியிருக்கும் பெரிய வலைக்கட்டத்தில் அதே கணக்கை ஓட்டி, இரு பதிவுகளையும் கழித்துப் பார்த்தபோதுதான், நீண்ட பக்கத்தை ஏறக்குறைய உராய்ந்தபடி செல்லும் அலைகளே திரும்புகின்றன என்பது தெளிவானது. அலையின் திசை எல்லைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சாயும் கோணம் கூடக்கூட, அடுக்கின் தணிப்பு அக்கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறைகிறது.

தீர்வு, பிஎம்எல்லின் சுருள் தொகையீட்டு (convolution) வடிவமான சிபிஎம்எல். அதில் தணிப்புடன், உறிஞ்சலை அதிர்வெண்ணுக்கேற்ப மாற்றும் ஆல்ஃபா என்ற அளவுருவும் உண்டு. பலர் கவனிக்காத நுணுக்கம் இதுதான்: தணிப்பு அடுக்கின் உள்விளிம்பில் சுழியாகத் தொடங்கி வெளியே வளர வேண்டும், ஆல்ஃபாவோ உள்விளிம்பில் உச்சமாயிருந்து வெளிவிளிம்பில் சுழியாக வேண்டும். ஆல்ஃபாவின் உச்சத்திற்கு, π என்ற எண்ணை அலைமூலத்தின் முதன்மை அதிர்வெண்ணால் பெருக்கி வைத்தேன். வலைப்புள்ளிகளுக்கு நடுவிலுள்ள அரைக்கட்டப் புள்ளிகளுக்குத் தணிப்பு, ஆல்ஃபா இரண்டையும் தனியே கணக்கிட்டேன்.

போலி அலை வரைபட அளவில் தெரியாதபடி மறைந்தது. ஆல்ஃபா கூடினால் தாழ் அதிர்வெண் உறிஞ்சல் குறையும் என்பதால், மூலத்தின் அதிர்வெண்ணை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுகிறேன்.