பழைய டர்போ கார் வாங்குகிறவர் காலை ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டும்

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி, புரோக்கரையும் கூட்டிக்கொண்டு, பாளையங்கோட்டையில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு டர்போ பெட்ரோல் செடானைக் கொண்டு வந்தார். பெங்களூர் வண்டி, கறுப்பு நிறம், உடம்பில் ஒரு கீறல் இல்லை. பகல் பதினோரு மணி. நாங்குநேரி வரை நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். இழுவை அருமையாக இருந்தது. "தாராளமா வாங்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது வாரம், கே.டி.சி. நகரில் அவர் வீட்டு வாசலில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம். அதோடு இன்ஜின் நின்றது. டைமிங் செயின், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கிற சங்கிலி, பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் முட்டி வளைந்திருந்தன. நான் போனபோது அவருடைய அம்மா காபி கொடுத்தார். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அந்த இன்ஜினை நான் சூடாக இருக்கும்போது மட்டும்தான் கேட்டிருந்தேன்.

அதிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். வண்டி ராத்திரி முழுக்க நின்ற இடத்துக்கே போங்கள். விற்கிறவர் எழுந்து ஸ்டார்ட் செய்வதற்கு முன் போங்கள். பேனட்டைத் திறந்து இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், ஆயில் பிரஷரில் வேலை செய்வது. இன்ஜின் நின்றபிறகு ஆயில் வடிந்துவிடும். அப்போது டென்ஷனர் பிஸ்டன் உள்ளே போய்விடாமல் தாங்குவது ஒரு பல்லும் சின்ன கிளிப்பும்தான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி வண்டிகளில் வந்த ஈஏ888 இன்ஜினின் முதல் இரண்டு தலைமுறைகளில் இந்தக் கிளிப் விட்டுப்போவது உலகத்துக்கே தெரிந்த குறை. நம் ஊரில் லாரா 1.8 டிஎஸ்ஐ, பழைய சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். கிளிப் விட்டால் செயின் தொய்ந்துபோகும். காலையில் முதல் சுற்றிலேயே பல் தாண்டும். அது உடைவதற்கு முன், குளிர்ந்த ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி ஒரு கிலுகிலு சத்தம் பெரும்பாலும் வரும். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். பகல் பதினோரு மணிக்கு அது எப்படிக் கேட்கும்?

செல்போனை பேனட் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த வேலை மெக்கானிக்குடையது. இந்த இன்ஜினில் கீழ் டைமிங் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதை எடுத்து எண்டோஸ்கோப் கேமராவை விட்டால் டென்ஷனர் தெரியும். அது பழைய மாடலா, மாற்றிய மாடலா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிஸ்டனில் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்றும் எண்ணலாம். நிறைய வந்திருந்தால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனர் போட்டால், வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டின் கோணம் எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் படிக்கலாம். "செயின் மாத்தியாச்சு அண்ணாச்சி" என்று வாயால் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. பில் வேண்டும். பில்லில் டென்ஷனர் தனி வரியாக இருக்க வேண்டும். செயினை மட்டும் மாற்றி, பழைய டென்ஷனரையே திரும்பப் போட்ட வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

டீசல் பிஎம்டபிள்யூ பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007-க்கும் 2011-க்கும் இடையில் வந்த என்47 இன்ஜினிலும் செயின் தொல்லை உண்டு. அதில் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் இருக்கிறது. அதனால் கூலி பல மடங்கு. அந்த வருட 320டி விலை குறைவாகக் கிடைக்கிறது என்றால் அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஆயில். ஈஏ888 இரண்டாம் தலைமுறையில் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ஆயில் ரிங் மெல்லிசு. ஆயில் வடிகிற துளைகளும் சிறிசு, அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கம்பெனிக் கையேடே சொல்லும். அதற்கு மேல் போனால் பிஸ்டன், ரிங் வேலை. டிக்கியைத் திறந்து ஓரத்தில் பாதி தீர்ந்த ஆயில் கேன் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் ஆயில் கருப்பாகப் படிந்திருந்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நாலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ஐடிலில் இன்ஜினிலிருந்து மெல்லிய விசில் கேட்டு, டிப்ஸ்டிக்கை இழுத்ததும் அது நின்றால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுகிற பிசிவி வால்வின் உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்திருக்கிறது. அது சின்னச் செலவுதான். ஆனால் விட்டுவைத்தால் பின்பக்க கிராங்க் சீல் போகும், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்க நம் பக்கத்தில் நல்ல இடங்கள் உண்டு. ஆடி மாதக் காற்றில் வள்ளியூர் தாண்டி காவல்கிணறு நோக்கிப் போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். அந்த எதிர்க்காற்றில் மேல் கியரில் வைத்து மெதுவாக மிதியுங்கள். இக்னிஷன் காயில் போயிருந்தால் அங்கே மிஸ் அடிக்கும், காற்றில்லாமல் லேசாக ஓட்டும்போது தெரியாது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இன்டேக் வால்வின் பின்பக்கம் கார்பன் அப்பியிருந்தாலும் இப்படித்தான் திணறும். பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை, அதனால் பெட்ரோலில் ஊற்றுகிற மருந்து எதுவும் அதைக் கழுவாது. இன்ஜினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டைக் கழற்றிக் கையால்தான் சுரண்ட வேண்டும்.

அப்புறம் நல்ல வெயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே, ஏ.சி. போட்டு, நின்று நின்று ஓட்டுங்கள். கூலன்ட் சூடு ஏறுகிறதா, ஃபேன் வருகிறதா என்று பார்க்கலாம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இருக்கிற பிளாஸ்டிக் உறை கசிவது புதிய ஆக்டேவியாவிலும் உண்டு. உலர்ந்த கூலன்ட் உப்பு மாதிரிக் கறையாகத் தெரியும். பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டி என்றால், அதன் உலர் கிளட்ச் உதறுவதும் இந்த ஊர்ந்து போகிற ஓட்டத்தில்தான் தெரியும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, குறை இருந்தால் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. லாரா 1.8 ஓட்டுவதற்கு அவ்வளவு நல்ல வண்டி. என்ன கெடும் என்று முன்கூட்டியே தெரிந்த இன்ஜின், எதுவும் தெரியாத இன்ஜினைவிட எனக்குப் பிடிக்கும். ஆனால் செயின் வேலைக்கு எழுதி வாங்கிய மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அந்தத் தொகை முழுக்க விலையில் குறைய வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டும் அந்தக் கணக்கில் வரட்டும்.

வண்டி வந்ததும் முதல் வேலை செயின், டென்ஷனர், செயின் உரசி ஓடுகிற கைடு எல்லாம் சேர்த்து மாற்றுவது. அலாய் வீலும் சவுண்ட் சிஸ்டமும் பிறகு வரட்டும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய வண்டியின் ஃப்யூல் ஹோஸ்களை அதே சமயத்தில் பார்த்து, கெட்டிப்பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆயிலை ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரத்தில் 5டபிள்யூ-40 போட்டு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். பதினைந்தாயிரம் வரை போகலாம் என்று கையேட்டில் இருக்கலாம். நம் வெயிலுக்கும், பக்கத்து ஊருக்குள்ளேயே சுற்றுகிற ஓட்டத்துக்கும் அது அதிகம் என்பது என் முடிவு.

பழைய டென்ஷனரோடு கொஞ்ச நாள் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பாபநாசம், மாஞ்சோலை மாதிரி மேட்டுச் சாலையில் கிளட்ச் வண்டியைக் கியரில் மட்டும் போட்டு நிறுத்த வேண்டாம். வண்டி பின்னால் உருண்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றி செயின் தொய்யும். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, டயருக்குக் கல் வையுங்கள்.

கே.டி.சி. நகர் தம்பி அந்த வண்டியை விற்கவில்லை. ஹெட்டைக் கழற்றி எல்லா வால்வையும் மாற்றினோம். என் கூலியை நான் வாங்கவில்லை. வண்டி இன்னும் ஓடுகிறது. டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக் அளவையும் கிலோமீட்டரையும் அதில் எழுதுகிறார்.