தொலைகாட்டி வாங்கும்போதும் பாவிக்கும்போதும்: மட்டக்களப்பு வானத்துக்குப் பொருந்தாத புத்திமதிகள்

பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தால், அந்தத் தொலைகாட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். குழாயின் குவியத்தூரம் 700 மில்லிமீற்றர். கூட வரும் மிகச் சிறிய பார்வைத்துண்டின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) குவியத்தூரம் 4 மில்லிமீற்றர். வகுத்தால் 175. அதோடு உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ வில்லையைச் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் முன்வில்லையின் விட்டம் 60 மில்லிமீற்றர்தான். ஒரு தொலைகாட்டி தாங்கும் உருப்பெருக்கம், அதன் விட்டத்தின் மில்லிமீற்றர் அளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இங்கே அது 120. அதைத் தாண்டினால் வியாழன் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அதன் பட்டிகள் கலைந்து வெறும் மங்கல் வட்டம் மிஞ்சும். சனியின் வளையத்தைப் பிரித்துக் காண 30 மடங்கே போதும்.

ஆகவே பணத்தை விட்டத்துக்குக் கொடுங்கள், அடுத்து முக்காலிக்கு. கடையில் நின்றபடியே குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் ஆட்டம் அடங்காவிட்டால், கச்சான் காற்று வீசும் நாளில் அதை வைத்து நிலவைக்கூடப் பார்க்க முடியாது. கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ நிறுத்துகிறவர்கள் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணலில் ஒரு கால் மெல்லப் புதையும், நட்சத்திரம் தானாக நழுவிப் போகும், பழி தொலைகாட்டியின் மேல் விழும். கையில் காசு குறைவென்றால் 10x50 (10 மடங்கு, 50 மில்லிமீற்றர் முன்வில்லை) பைனோகுலர் ஒன்று, மலிவான தொலைகாட்டியைவிட எவ்வளவோ மேல்.

லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ மாமா கொண்டுவந்து தந்த தொலைகாட்டி நம் வீடுகளில் பல உண்டு. அதன் தாங்கி துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் வகையாக இருந்தால் சிக்கல் ஆரம்பம். லண்டனில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 51 பாகை. மட்டக்களப்பில் எட்டுப் பாகைகூட இல்லை. சில தாங்கிகள் அவ்வளவு கீழே இறங்க மாட்டா. இறங்கினாலும் குழாயின் எடையைச் சமன் செய்யும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். போதாக்குறைக்குத் துருவ நட்சத்திரம் தென்னை மர உயரத்தில், கடற்கரைப் புகாருக்குள் ஒளிந்திருக்கும். படம் எடுக்காமல் கண் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் இந்தத் தொல்லை எதுவும் தேவையில்லை; மேல் கீழாகவும் பக்கவாட்டாகவும் திரும்பும் சாதாரண டொப்சோனியன் வகைத் தாங்கி போதும்.

புத்தகங்களும் காணொளிகளும் குளிர்காலத்து ஒறாயன் விண்மீன் கூட்டத்தை முதலில் பார்க்கச் சொல்கின்றன. இங்கே நவம்பர், டிசம்பர் என்றால் வாடை மழை. அந்தப் புத்திமதியை நம்பி ஆவலோடு வாங்கிய தொலைகாட்டி, இரண்டு மாதம் பெட்டிக்குள்ளேயே கிடந்து ஆர்வமும் கெட்டுவிடும். மாசிக்குப் பிறகு வானம் தெளியத் தொடங்கியதும் தெற்கே பாருங்கள். மே மாத இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஒமேகா சென்டாரி எனும் நட்சத்திரக் கொத்து நமக்கு 35 பாகை உயரத்தில் நிற்கும். லண்டன்காரருக்கு அது தொடுவானத்துக்கு மேல் ஏறுவதே இல்லை! ஆனால் நிறங்களை எதிர்பார்க்க வேண்டாம். மங்கலான வான்பொருள்கள் கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். சனியின் வளையம் மெலிந்து தெரிகிறது என்று குறைப்படவும் வேண்டாம். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும்.

படுவான்கரைப் பக்கம், உன்னிச்சைக் குளத்தை அண்டிய இடங்களில் இருள் தாராளம். யானையும் தாராளம். வயல்வெளியில் தனியே நிற்காமல் தெரிந்தவர் வீட்டு வளவில் நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிளில் குலுங்கிப் போன ஆடித் தொலைகாட்டியின் ஆடிகள் இடம் மாறியிருக்கும். ஒரு நட்சத்திரத்தைக் குவியம் தவறவிட்டுப் பார்த்து, தெரியும் ஒளிவட்டத்தின் நடுக் கருவட்டம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகள், சூடான வீட்டிலிருந்து குளிருக்குக் கொண்டுபோகும் தொலைகாட்டியைப் பற்றிப் பேசுகின்றன. நமக்கு நிலைமை தலைகீழ். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த மறுகணம் வில்லை முழுவதும் வியர்க்கும். உடனே சாரன் தலைப்பால் துடைப்பதுதான் பெரிய தவறு. உப்புத் துகளும் மணலும் பூச்சின் மேல் கீறிவிடும். மூடியைக் கழற்றாமல் அரை மணிநேரம் வெளியே வைத்திருங்கள். வேலை முடிந்ததும் ஈரத்தோடு பஞ்சுப் பெட்டியில் அடைத்து அலுமாரிக்குள் வைத்தால் மாரி முடியும்போது வில்லையில் பூஞ்சணம் வேர் விட்டிருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அதிக செலவில்லை.

தொலைகாட்டியின் மேல் பொருத்தி இலக்கைத் தேட உதவும் சிறிய தேடுகுழாயைப் பகலிலேயே முகத்துவாரம் வெளிச்சவீட்டின் உச்சிக்கோ தூரத்துக் கோபுரத்துக்கோ நேர் செய்துகொள்ளலாம். ஆனால் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வைத்துண்டில் திருகும் சிறிய கறுப்பு வடிகட்டி கூட வந்திருந்தால் குப்பையில் போடுங்கள். வெப்பம் குவியும் இடத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும்.

படம் எடுக்க விரும்புகிறவர்கள் தொலைகாட்டியோடு கமராவையும் சேர்த்து வாங்குவது அவசரம். முதலில் கமராவையும் முக்காலியையும் மட்டும் வைத்துப் பழகுங்கள். 18 மில்லிமீற்றர் வில்லை, சிறிய உணரி உள்ள கமரா என்றால், 500ஐ 27ஆல் (18இன் ஒன்றரை மடங்கு) வகுத்து ஏறத்தாழ 18 விநாடி வரை திறக்கலாம் என்பது பழைய கணக்கு. பெரிதாக்கிப் பார்க்கும்போதும் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே இருக்க வேண்டுமானால் 10 விநாடியில் நிறுத்திப் பல படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கையால் அழுத்தினால் ஆடும் என்பதால் 2 விநாடித் தாமதத்தைப் போட்டுவிடுங்கள். தானாகத் தேடிப் பின்தொடரும் தாங்கி இருந்தாலும், அது மேல் கீழாகவும் பக்கவாட்டாகவும் நகரும் வகையானால் நீண்ட நேரத் திறப்பில் படத்தின் ஓரங்கள் சுழலும். அதற்கும் மருந்து குறுகிய படங்களை அடுக்குவதுதான்.