முதியோர் இல்லத்தில் சளிக்காய்ச்சல்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பெருந்தொற்றுக் காலத்தில் இல்லத்தில் யார் இருமினாலும் ‘அதேதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். 2009 ஜூன் 11 அன்று பன்றிக்காய்ச்சலை (எச்1என்1 வகை இன்ஃபுளுவென்சா) பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பின் கனடாவின் ஒன்டாரியோவில் பராமரிப்பு இல்லங்களில் கூட்டமாக வந்த சளிக்காய்ச்சல்களைச் சோதித்தபோது, பலவற்றில் சிக்கியது ஜலதோஷம் தரும் ரைனோவைரஸ். வயதானவர்களில் பலருக்குப் பழைய எச்1என்1 கிருமிகளால் வந்த எதிர்ப்பு கொஞ்சம் மிச்சமிருந்ததும் இதற்கு ஒரு காரணம். ஜலதோஷம்தானே என்று விடவும் முடியாது. எண்பது வயதில் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். ஆனால் இன்ஃபுளுவென்சாவுக்குத் தரும் ஓசெல்டாமிவிர் மாத்திரை ரைனோவைரஸுக்கு வேலை செய்யாது.

அதனால் 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு அறிகுறி தெரிந்தாலே, புதிதாகப் படுத்தவர்கள் சிலரிடம் மூக்கின் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து ஆர்டி-பிசிஆருக்கு அனுப்புங்கள். ஒரே ஒருவரின் மாதிரி போதாது. ரேபிட் கிட்டில் நெகட்டிவ் வந்தால் நிம்மதியடைய வேண்டாம், அது நிறையவே தவறவிடும்.

காய்ச்சலுக்காகக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். முதியவர்களுக்கு உடம்பு அவ்வளவாகச் சுடாது. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மட்டுமல்ல, வழக்கமான அளவைவிட 2 டிகிரி ஏறினாலும் காய்ச்சல்தான். மூட்டுவலிக்கு மூன்று வேளை பாராசிட்டமால் சாப்பிடுபவருக்கு அதுகூடத் தெரியாது. திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பது, ஆளை மாற்றிப் பேசுவது, நேற்றுவரை நடந்தவர் பாத்ரூம் வாசலில் விழுவது: இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இன்ஃபுளுவென்சா என்று சந்தேகம் வலுத்தால் ரிசல்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன். நோயாளிக்கு ஓசெல்டாமிவிர் 75 மி.கி., தினம் இருவேளை, 5 நாள். இன்ஃபுளுவென்சா உறுதியானால், நோய் வராத மற்றவர்களுக்குத் தடுப்பாக அதே 75 மி.கி. ஒரு வேளை. இதையும் ஐந்தாம் நாளில் நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 2 வாரம் கொடுக்க வேண்டும். கடைசி நோயாளி தென்பட்டபின் 7 நாள் ஆகியிருக்கவும் வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டாக்டர்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

கிளவுஸ் போட்டால் கை சுத்தம் என்ற நினைப்பு பொல்லாதது. ஒரே ஜோடியோடு நான்கு கட்டிலுக்குப் போகிறவர் கிருமியையும் கூடவே கொண்டுபோகிறார். ஒருவருக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் கையில் சானிடைசர். நெபுலைசர் மாஸ்க்கும் பொதுவில் வேண்டாம். 5 சதவீத பிளீச் என்றால் 20 மி.லி.க்கு 980 மி.லி. தண்ணீர், அன்றன்றைக்குக் கலந்தது. கட்டில் கம்பி, வாக்கர் பிடி, டிவி ரிமோட் எல்லாவற்றையும் துடைத்து ஒரு நிமிடமாவது ஈரமாக விடுங்கள். பிளீச்சை டாய்லெட் ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும்.

லீவு போட்டால் சம்பளம் பிடிக்கும் இல்லத்தில் ஆயா இருமலோடுதான் டியூட்டிக்கு வருவார். இதற்கு மாஸ்க் தீர்வாகாது, சம்பளத்தோடு லீவுதான். மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனபின் அவர் வரட்டும். நோயுற்ற முதியவரைத் தனி அறையிலிருந்து வெளியே விடுவதற்கோ அறிகுறி தொடங்கி 7 நாள் ஆகியிருக்க வேண்டும், காய்ச்சலும் இருமலும் விட்டு 24 மணி நேரம் கடந்திருக்க வேண்டும். இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவே கணக்கு.