பையரிடம் ‘டேக் எ ஹைக்’ சொல்லிடாதீங்க

திருப்பூர், கோவையில் வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது நம்மகிட்ட சரக்கு வாங்குறவங்களுக்கு, மெயில் எழுதுறவங்க கவனிக்க வேண்டிய குறிப்புங்க இது.

‘டேக் எ ஹைக்’ என்று எதிராளியைப் பார்த்துச் சொன்னால், அமெரிக்கப் பேச்சில் ‘நடையைக் கட்டு’ என்றுதான் அர்த்தம். மரியாதை துளியும் கிடையாது. நம்ம ஊரில் ‘ஹைக்’ என்றதுமே சம்பள உயர்வுதான் மனசுக்கு வரும். சிக்கல் அங்கேதான். நூல் விலை ஏறிடுச்சு, பீஸுக்கு 10 சென்ட் கூட்டிக் கேட்கணும் என்கிற அவசரத்தில் ‘ப்ளீஸ் டேக் எ ஹைக்’ என்று அடித்தால், கேட்டது விலை, போய்ச் சேர்ந்தது வசவு. முன்னால் ‘ப்ளீஸ்’ போட்டாலும் கடுப்பு குறையாது, நக்கலாகத்தான் தெரியும். ‘வி நீட் டு இன்க்ரீஸ் த ப்ரைஸ் பை 10 சென்ட்ஸ் பெர் பீஸ்’ என்று நேராக எழுதுங்க.

வந்த பையரை வெள்ளியங்கிரி ஏறச் சொல்வதானால் ‘கோ ஹைக்கிங்’ அல்லது ‘கோ ஃபார் எ ஹைக்’. இரண்டும் வெறும் மலை நடைதான். அவரே ‘ஐ டுக் எ ஹைக்’ என்று தன்னைப் பற்றிச் சொன்னாலும் அப்படியே.

‘தே டோல்ட் ஹிம் டு டேக் எ ஹைக்’ என்றால் முகத்தில் அடித்த மாதிரி மறுத்துட்டாங்க என்று பொருள். பிரிட்டன்காரர் இதே கோபத்தில் ‘ஆன் யுவர் பைக்’ என்பார். வண்டி எதையும் தேட வேண்டாம்.

ரேட் கட்டுபடியாகலைன்னா ‘வி ஆர் அனேபிள் டு அக்செப்ட் திஸ் ப்ரைஸ்’ போதுமுங்க.